மெழுகுவர்த்தி செய்யப் பழகுவோருக்கு: திரியிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மெழுகுவர்த்தி செய்யத் தொடங்குவோர் பலரும் நறுமண எண்ணெய், வண்ணம், அழகான கண்ணாடிக் குவளை ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, திரியை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வருகிறார்கள். ஆனால் செய்து முடித்த மெழுகுவர்த்தி ஒழுங்காக எரியுமா, பாதியில் அணையுமா, குவளையைக் கரியாக்குமா என்பதைத் தீர்மானிப்பது திரியே. குவளையின் அகலம், மெழுகின் வகை, திரியின் கனம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைத்துக்கொள்வதுதான் இந்தக் கலையில் கற்க வேண்டிய முதன்மையான பாடம். மணமும் நிறமும் அதற்குப் பிறகு வரலாம். ஆகவே இந்த வழிகாட்டி, மணமோ வண்ணமோ இல்லாத ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியிலிருந்து தொடங்குகிறது.

எரிவது எது?

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டிலுள்ள சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி ஐந்து நிமிடம் எரிய விடுங்கள். அதை ஊதி அணைத்த மறுகணமே திரியிலிருந்து ஒரு வெண்புகைக் கோடு மேலெழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல், அந்தக் கோட்டின் மேல்முனைக்கு அருகில் கொண்டுபோனால், நெருப்பு புகை வழியாகவே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டின் இறுதியில் இளையோருக்காகத் தொடங்கிய சொற்பொழிவு வரிசையில் மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து காட்டினார். புகை போலத் தெரிவது உண்மையில் மெழுகின் ஆவி. அது காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாக மாறும்போது நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. மெழுகு உருகித் திரியின் இழைகள் வழியே மேலேறி, சுடரின் வெப்பத்தில் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. திரியின் வேலை பெரும்பாலும் எரிபொருளை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

திரி மெல்லியதாக இருந்தால் போதுமான மெழுகு மேலேறாது. சுடர் சிறுத்து, தன்னைச் சுற்றிக் குழி தோண்டி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். கனமாக இருந்தால் எரியக்கூடியதைவிட அதிகமான மெழுகு மேலேறிச் சுடர் நீண்டு ஆடும், எரியாத கரி புகையாக வெளியேறும், குவளையும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

பூஜைக்கு வாங்கும் பஞ்சுத் திரியைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. எண்ணெய் விளக்கில் அது நன்றாகவே எரியும். நுனியில் கரி கட்டினால் கையால் தூண்டிவிட்டுக்கொள்கிறோம். மெழுகுவர்த்தியில் அப்படித் தூண்டிக்கொண்டே இருக்க முடியாது. வெறுமனே முறுக்கிய திரி நேராக நின்று, மெழுகு இறங்க இறங்க நீண்டு, கரி கட்டிப் புகைக்கும். ஐரோப்பாவில் 1820கள் வரை இதுதான் நிலைமை. கத்தரிக்கோல் போன்ற கருவியால் அடிக்கடி நுனியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் பிரான்ஸைச் சேர்ந்த கம்பசெரேஸ், நூலை முறுக்காமல் சடைபோலப் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, நுனி சுடரின் சூடான வெளிவிளிம்புக்குச் சென்று தானே எரிந்து சாம்பலாகிவிடும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது பின்னிய பருத்தித் திரி. உள்ளே உலோகக் கம்பி வைத்த, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவான திரிகளை வாங்க வேண்டாம். ஈயக் கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003ஆம் ஆண்டில் தடை செய்ததற்கு, அவை எரியும்போது காற்றில் ஈயம் கலப்பதே காரணம்.

எந்த மெழுகு?

தமிழ்நாட்டில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது பாரஃபின் மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் இது சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் தயாராகிறது. தீக்குச்சிகளை நனைப்பதற்காகச் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலும் இதைத்தான் பயன்படுத்துகிறது. கடைகளில் பலகைகளாகக் கிடைக்கும். வாங்கும்போது உருகுநிலையைக் கேட்டு, 58 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள, நன்கு சுத்திகரித்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாக இருக்கும் மலிவான வகை நம் வெயிலில் வளைந்துபோகும்.

சோயா மெழுகு, சோயா எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிப் பெறப்படுவது. குவளையில் ஊற்றுவதற்கான வகை 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். உறையும்போது பாரஃபின் அளவுக்குச் சுருங்காது என்பதால் ஒரே முறை ஊற்றினால் போதும். பாத்திரத்தையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிவிடலாம். முதல் முயற்சிக்கு இதைப் பரிந்துரைப்பதற்கு அந்த வசதிகளே காரணம். மற்றபடி, பாரஃபின் நஞ்சு, சோயா தூய்மை என்ற விளம்பரப் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கனமான திரி போட்டு, மின்விசிறிக்குக் கீழே ஏற்றினால் எந்த மெழுகும் கரியைக் கக்கும்.

தேன்மெழுகு விலை கூடியது. 62 முதல் 64 டிகிரியில் உருகும். எதுவும் சேர்க்காமலேயே தேன் மணம் தரும். நீலகிரியில் கோத்தகிரி போன்ற இடங்களில், மலைத்தேன் எடுப்பதோடு சேர்ந்து கிடைக்கும் நல்ல தேன்மெழுகை வாங்க முடியும். உருகிய நிலையிலும் அது சற்றுப் பிசுபிசுப்பாக இருப்பதால் வழக்கத்தைவிடக் கனமான திரி தேவை. கை ஓரளவு பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது.

தேவையான பொருள்கள்

ஒரு கிலோ சோயா மெழுகு. அடித்தகடு பொருத்திய பின்னல் திரிகள். ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் குவளைகள். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு. திரவத்துக்குள் விடக்கூடிய கம்பியுள்ள வெப்பமானி. மூக்கு வைத்த எவர்சில்வர் பாத்திரம். அதை உள்ளே வைக்கும் அளவுக்குப் பெரிய இன்னொரு பாத்திரம். சில ஐஸ்கிரீம் குச்சிகள். பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதால் பழையவற்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வெப்பமானி இல்லாமல் கண் மதிப்பில் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு முறை நன்றாக வந்ததை மறுமுறையும் அப்படியே செய்ய வேண்டுமானால் அளந்து எழுதிவைத்த எண்கள் கையில் இருக்க வேண்டும்.

குவளை கனமான கண்ணாடியாக, தட்டையான அடியோடு, உள்விட்டம் 6 அல்லது 7 சென்டிமீட்டராக, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருப்பது நல்லது. கழுத்து குறுகிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெப்பம் மேல்பகுதியில் தேங்கும். மெல்லிய கண்ணாடித் தம்ளர் சூட்டில் விரிசல் விடும். தேங்காய்ச் சிரட்டை படத்தில் அழகாக இருக்கலாம். ஆனால் அதுவே எரியக்கூடிய பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. பூசப்படாத அகல்விளக்கும் மண்சட்டியும் உருகிய மெழுகை உறிஞ்சிக்கொள்ளும்.

திரியின் எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். எனவே உங்கள் குவளையின் உள்விட்டத்தைச் சொல்லி, அதற்குப் பரிந்துரைக்கப்படும் அளவையும், அதற்கு ஒரு படி கீழான அளவையும், ஒரு படி மேலான அளவையும் சேர்த்து மூன்றாக வாங்குங்கள். மூன்று குவளைகளைக் கேட்டதற்கும் இதுதான் காரணம்.

பாதுகாப்பு

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் பாதியளவு நீர் ஊற்றி, அடியில் ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள். நீர் 100 டிகிரியைத் தாண்டாது. பாரஃபின் ஆவி தீப்பற்றும் வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி. இடையிலுள்ள அந்தத் தூரமே உங்களுக்குக் காவல். நீர் வற்றிவிட்டால் அந்தக் காவலும் போய்விடும் என்பதால், மெழுகு அடுப்பிலிருக்கும்போது வாசலில் காய்கறி வண்டி வந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டே நகர வேண்டும். எரிவாயு அடுப்பைவிட இண்டக்ஷன் அடுப்பு மேல்.

ஒருவேளை மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் சூடான மெழுகுக்கு அடியில் சென்று நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஒரு மூடியால் மூடி, ஆறும்வரை அப்படியே விட வேண்டும். அந்த மூடி தொடக்கத்திலிருந்தே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தோலில் சூடான மெழுகு பட்டால் ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை, நெய் என்று எதையும் தடவ வேண்டாம். தோலோடு ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதல் மெழுகுவர்த்தி

குவளையைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழ்வரை நீர் ஊற்றுங்கள். நீரின் எடையை 0.9 ஆல் பெருக்கினால் தேவையான மெழுகின் எடை கிடைக்கும். 200 கிராம் நீர் பிடித்தால் 180 கிராம் மெழுகு. மூன்று குவளைகளுக்கு 540 கிராம். பாத்திரத்தில் ஒட்டி வீணாவதற்காகக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு குவளையை ஈரமே இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே ஒரு துளி நீர் தங்கினாலும் எரியும்போது படபடவென்று வெடிக்கும்.

திரியின் அடித்தகட்டைக் குவளையின் நடுவில் க்ளூ கன்னால் ஒட்டுங்கள். ஐஸ்கிரீம் குச்சியின் நடுவே துளையிட்டு, அதன் வழியே திரியை மேலே இழுத்து, குச்சியைக் குவளையின் வாய்மேல் கிடத்திவிட்டால் திரி நிமிர்ந்து நிற்கும். சில மில்லிமீட்டர் விலகினாலும் பிற்பாடு கண்ணாடியின் ஒரு பக்கம் அதிகம் சூடாகும் என்பதால் மேலிருந்து ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் பார்த்துச் சரிசெய்யுங்கள். எந்தக் குவளையில் எந்தத் திரி என்பதைக் குவளையின் அடியில் ஒட்டிய சீட்டில் எழுதிவிடுங்கள்.

மெழுகை 80 டிகிரி வரை சூடாக்கி, முழுவதும் தெளிந்த பிறகு அடுப்பிலிருந்து இறக்குங்கள். காற்றுக்குமிழி சேராதபடி மெதுவாகக் கிளறி, 60 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, குவளையின் சுவரோரமாக மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். ஊற்றிய பின் 24 மணி நேரம் குவளையை நகர்த்தவோ குளிர்பெட்டியில் வைக்கவோ வேண்டாம். வேகமாகக் குளிர்ந்தால் மேல்பரப்பு வெடிக்கும், மெழுகு கண்ணாடியை விட்டு விலகும். உறைந்ததும் திரியை 6 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மேலும் இரண்டு நாள் கழித்து ஏற்றலாம்.

சோயாவின் மேல்பரப்பில் உறைபனி போன்ற வெண்பூச்சு தோன்றுவதும், கண்ணாடிக்கும் மெழுகுக்கும் இடையே ஈரத் திட்டுகள் போலத் தெரிவதும் பார்வைக் குறைகள் மட்டுமே, எரிவதற்குத் தடையில்லை.

எரித்துப் பார்த்தல்

பலர் தவிர்த்துவிடும் கட்டம் இது. முதல் முறை ஏற்றிப் படம் எடுத்ததோடு மெழுகுவர்த்தி தேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று குவளைகளையும் காற்றோட்டமில்லாத இடத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி, தீப்பற்றாத தட்டின்மேல் வைத்து ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். உள்விட்டத்தில் ஒவ்வொரு இரண்டரை சென்டிமீட்டருக்கும் ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 7 சென்டிமீட்டர் குவளையில் உருகிய மெழுகு விளிம்பை எட்டுவதற்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகலாம். ஒவ்வொரு மணி நேரமும் உருகிய வட்டத்தின் அகலம், ஆழம், சுடரின் உயரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். நான்கு மணி நேரத்தில் அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, திரியை மீண்டும் 6 மில்லிமீட்டருக்கு வெட்டி, மறுநாள் தொடருங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்வரை இப்படியே எரித்துப் பார்க்க வேண்டும்.

முழுவதும் எரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெழுகு மேல்மட்டத்தில் இருக்கும்போது சுடரின் வெப்பம் வெளியே போய்விடும். பாதிக்குக் கீழே இறங்கிய பின், சுற்றியுள்ள கண்ணாடிச் சுவர் அதே வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகையால் முதல் நாளிலேயே ஒன்றரை மணி நேரத்தில் விளிம்புவரை உருக்கிவிடும் திரி பார்க்க நிறைவாக இருந்தாலும், கீழே போகப் போகக் கண்ணாடியைத் தொட முடியாதபடி சூடாக்கிவிடும். முதல் நாள் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் உருகாமல் விட்டு, இரண்டாம் மூன்றாம் நாளில் அதையும் உருக்கிக்கொள்ளும் திரியே பெரும்பாலும் சரியானது.

நல்ல சுடர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஆடாமல் நிற்கும். உருகிய மெழுகின் ஆழம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். திரியின் நுனியில் காளான் குடைபோலக் கரி திரண்டாலோ, குவளையின் விளிம்பு கறுத்தாலோ ஒரு படி மெல்லிய திரிக்கு இறங்குங்கள். நடுவில் கிணறு விழுந்தாலோ, சுடர் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கினாலோ ஒரு படி ஏறுங்கள். மூன்று திரியும் சரிவரவில்லை என்றால் அடுத்த இரண்டு அளவுகளை வாங்கி மறுபடி பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

மணமும் நிறமும்

திரி கிடைத்த பிறகே மணத்துக்குப் போக வேண்டும். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் நறுமண எண்ணெயை, மெழுகின் எடையில் 6 சதவீதம் என்ற அளவில் தொடங்குங்கள். 180 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம். துளிக்கணக்கில் விடாமல் எடைபோட்டே சேர்க்க வேண்டும். மெழுகு 80 டிகிரியில் இருக்கும்போது ஊற்றி, இரண்டு நிமிடம் சீராகக் கிளறினால் எண்ணெய் நன்றாகக் கலக்கும். மணம் கூடட்டும் என்று அளவை ஏற்றினால் மெழுகு பிடித்துவைக்க முடியாத எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும்; சித்திரை வெயிலில் இது இன்னும் கூடும். மணம் சேர்த்த சோயா மெழுகுவர்த்தியை மூடி இரண்டு வாரம் வைத்திருந்து ஏற்றினால் மணம் தெளிவாக வெளிப்படும். எண்ணெய் சேர்ந்ததும் மெழுகு திரியில் ஏறும் விதம் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு புதிய மணத்துக்கும் எரித்துப் பார்க்கும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆல்கஹால் கலந்த வாசனைத் தெளிப்பான்களும் சூடமும் மெழுகில் சேர்க்கக் கூடாதவை. இரண்டும் எளிதில் தீப்பற்றும். காய்ந்த ரோஜா இதழையும் பட்டைத் துண்டையும் மேலே அலங்காரமாகப் பதிப்பது இப்போது பரவலான வழக்கம். சுடருக்குப் பக்கத்தில் சருகைப் பரப்புவதை அழகு என்று எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவை மிதந்து திரியருகே வந்து, இரண்டாவது திரிபோலப் பற்றி எரியும்.

நிறத்துக்கு எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் வேண்டும். உணவு வண்ணங்கள் நீரில் கரைபவை என்பதால் மெழுகில் கலக்காமல் அடியில் தங்கும். மஞ்சள்தூள், குங்குமம், கிரேயான் ஆகியவற்றின் துகள்கள் திரியின் இழைகளை அடைத்துவிடும்.

எவர்சில்வர் தம்ளரில் ஒரு தூண்

அடுத்த படியாக, குவளையின்றித் தானே நிற்கும் மெழுகுவர்த்தியைச் செய்து பார்க்கலாம். அதற்குப் பாரஃபினே ஏற்றது. வாய் அகன்று அடி குறுகிய, பக்கங்கள் நேரான எவர்சில்வர் தம்ளர் நல்ல அச்சு. கழுத்தில் நெளிவு இருந்தால் மெழுகு வெளியே வராது. பாரஃபினோடு அதன் எடையில் 10 சதவீதம் ஸ்டியரிக் அமிலம் சேருங்கள். அது மெழுகைக் கெட்டியாக்கி, வெண்மை கூட்டி, அச்சிலிருந்து எளிதாகக் கழலவைக்கும். தம்ளரின் உள்ளே எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, எண்ணெய் பூசிய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை நடுவில் நிமிர்த்தி, மெழுகை 80 டிகிரியில் ஊற்றுங்கள்.

பாரஃபின் உறையும்போது நன்றாகவே சுருங்கும். நடுவில் பள்ளம் விழுவதோடு உள்ளேயும் வெற்றிடம் உண்டாகும். மேலே ஆடை படிந்ததும் கம்பிக்கு அருகில் இரண்டு மூன்று இடங்களில் ஊசியால் குத்தி, மீதி மெழுகை 85 டிகிரிக்குச் சூடாக்கி, பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். முதலில் ஊற்றிய மட்டத்தைத் தாண்டினால் அது சுவரோரமாக இறங்கி, கழற்றும்போது ஒட்டிக்கொள்ளும். முழுவதும் ஆறியதும் கம்பியைத் திருகி உருவி, தம்ளரைக் கவிழ்த்துத் தட்டுங்கள். வராவிட்டால் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தால் வந்துவிடும். துளைவழியே மெழுகில் நனைத்த திரியைச் செலுத்தி, இடைவெளியில் சிறிது உருகிய மெழுகை விட்டு அடைக்க வேண்டும். தம்ளரின் அடிப்பகுதியே இப்போது மெழுகுவர்த்தியின் தலை. இதற்குத் திரியைத் தேர்ந்தெடுக்கும்போது உருகிய வட்டம் விளிம்பை எட்டக் கூடாது; சுற்றிலும் அரை சென்டிமீட்டர் சுவர் நின்றால்தான் மெழுகு வழியாது.

மிச்ச மெழுகை எக்காரணம் கொண்டும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்; குழாயின் வளைவில் உறைந்துவிட்டால் பிளம்பரை அழைக்க வேண்டியதுதான். பாத்திரம் சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்து எடுத்துவிடுங்கள். செய்து முடித்த மெழுகுவர்த்திகளை வெயில் படாத அலமாரியில் மூடி வைக்கவும். மே மாதத்தில் மூடிய காருக்குள் விட்டால் சோயா உருகிவிடும். யாருக்கேனும் பரிசளிப்பதானால், அதே மெழுகும் திரியும் குவளையும் சேர்ந்த ஒன்றையாவது அடிவரை எரித்துப் பார்த்த பிறகே கொடுங்கள். திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி ஏற்றவும், தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம், மின்விசிறிக்கும் திரைச்சீலைக்கும் குழந்தைகளுக்கும் எட்டத்தில் வைக்கவும் என்று மூன்று வரிகளைக் குவளையின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.